பிராந்தியத் தளபதி: இந்திய ராணுவத்தில் ஒரு பதவியின் வேலையும் வரம்பும்

இந்திய ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரல்கள் பலர் உண்டு. தலைமையகத்தில் துறைகளை நடத்துபவர்கள், பயிற்சிக் கல்லூரிகளின் தலைவர்கள், மருத்துவப் பிரிவின் மூத்த அதிகாரிகள் என்று அந்தப் பட்டியல் நீளும். அவர்களில் ஆறு பேரிடம் மட்டுமே பெரிய நிலப்பரப்பு ஒன்றும் அதற்குள் நிற்கும் படை முழுவதும் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. உதம்பூரில் வடக்கு, சண்டிமந்திரில் மேற்கு, ஜெய்ப்பூரில் தென்மேற்கு, லக்னோவில் மத்திய, கொல்கத்தாவில் கிழக்கு, புணேவில் தெற்கு எனப் பிராந்தியத் தலைமையகங்கள் அமைந்திருக்கின்றன. ஏழாவதாகப் பயிற்சிக்கென ஒரு கட்டளை 1991இல் மவ் நகரில் தொடங்கப்பட்டு 1993இல் சிம்லாவுக்குப் போனது. அதற்கு எல்லை கிடையாது. காக்க வேண்டிய நிலமும் கிடையாது.

செய்தித்தாள்கள் இந்த ஆறு பேரையும் பிராந்தியத் தளபதி என்று எழுதுகின்றன. பட்டாளத்துக்குள் ‘ஆர்மி கமாண்டர்’ என்பதே வழக்கு. அரசாணையில் உள்ள பெயர் இன்னும் நீளம்: ஜெனரல் ஆபீசர் கமாண்டிங்-இன்-சீஃப். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘இன்-சீஃப்’ கவனிக்கத் தக்கது. 1955 வரை இந்திய ராணுவத்தின் தலைவரே கமாண்டர்-இன்-சீஃப் என்று அழைக்கப்பட்டார். குடியரசில் முப்படைகளின் உச்சத் தளபதி குடியரசுத் தலைவர் என்றான பின் அந்தப் பெயர் பொருந்தவில்லை. எனவே அவ்வாண்டு ராணுவத் தலைவரின் பெயர் ‘சீஃப் ஆஃப் த ஆர்மி ஸ்டாஃப்’ ஆயிற்று. மேலே இருந்தவரிடமிருந்து போன சொல் கீழே இருப்பவர்களிடம் தங்கிவிட்டது. பெயரில் நடந்த இந்த விபத்துக்குள் ஓர் உண்மையும் இருக்கிறது. டெல்லியில் இருக்கும் தலைமைத் தளபதி கொள்கை வகுக்கிறார், படையைத் திரட்டித் தருகிறார், அரசுக்கு ஆலோசனை சொல்கிறார். போர் என்று வந்தால் அதைத் தரையில் நடத்தும் பொறுப்பு பிராந்தியத் தளபதியுடையது.

இந்த ஏற்பாட்டின் வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. கம்பெனி காலத்திலிருந்தே வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களுக்கும் தனித்தனிப் படைகளும் தனித்தனித் தளபதிகளும் இருந்தனர். ஆப்கன் போரில் இந்த முக்கூட்டு படுத்திய பாட்டைக் கண்ட ஈடன் கமிஷன் 1879இல் மாகாணப் படைகளைக் கலைக்கச் சொன்னது. கலைக்க 16 ஆண்டுகள் பிடித்தன. 1895 ஏப்ரல் 1 அன்று மூன்று படைகளும் ஒன்றாகி, பஞ்சாப், வங்காளம், சென்னை, பம்பாய் என நான்கு கட்டளைகளாகப் பிரிந்தன; ஒவ்வொன்றுக்கும் ஒரு லெப்டினன்ட் ஜெனரல். கமாண்டர்-இன்-சீஃபாக வந்த கிச்சனர் பிரபு அடுத்த பத்தாண்டில் இந்த அமைப்பை இருமுறை கலைத்து அடுக்கினார். 1920இல் வடக்கு, மேற்கு, கிழக்கு, தெற்கு என்று திசைப்பெயர்கள் நிலைபெற்றன. சென்னைக் கட்டளை அந்த அடுக்கல்களில் கரைந்து போயிற்று. இன்று சென்னையில் இருப்பது புணேவுக்குக் கட்டுப்பட்ட தட்சிண் பாரத் ஏரியாவின் தலைமையகம்.

1947இல் ராவல்பிண்டியிலிருந்த வடக்குக் கட்டளையின் தலைமையகம் பாகிஸ்தான் ராணுவத்தின் பொதுத் தலைமையகமாக மாறியது. பிரிவினைக் கலவரங்களுக்கு நடுவே, அதே ஆண்டு செப்டம்பரில், டெல்லி–கிழக்குப் பஞ்சாப் கட்டளை என்ற ஒன்றை இந்தியா புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. 1948 ஜனவரியில் அதன் பொறுப்பை ஏற்ற கே. எம். கரியப்பா அதற்கு மேற்குக் கட்டளை என்று பெயரிட்டார். அதன் பிறகு வந்த கட்டளைகள் பெரும்பாலும் ஒரு போரின் அல்லது போர் நெருக்கடியின் தழும்புகள். சீனாவிடம் தோற்ற பின் 1963இல் மத்தியக் கட்டளை. வங்கதேசப் போர் முடிந்து ஆறு மாதத்தில், 1972இல், பி. எஸ். பகத் தலைமையில் புதிய வடக்குக் கட்டளை. 2001 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் எல்லைக்குப் படையை நகர்த்த ஆன தாமதம் பாடமாகி, 2005இல் தென்மேற்குக் கட்டளை.

பிராந்தியத் தளபதியின் கீழ் இரண்டு வகை அமைப்புகள் இயங்குகின்றன. முதல் வகை சண்டையிடும் அமைப்பு. பட்டாலியன்கள் சேர்ந்து பிரிகேட், பிரிகேட்கள் சேர்ந்து டிவிஷன், பொதுவாக மூன்று டிவிஷன்கள் சேர்ந்து ஒரு கோர். கிழக்குப் பிராந்தியத்தில் சுக்னா, தேஜ்பூர், திமாபூரை ஒட்டிய ரங்காபஹார், பானாகர் ஆகிய இடங்களில் நான்கு கோர்கள் இருக்கின்றன. வடக்கில் லே, ஸ்ரீநகர், நக்ரோட்டா. இரண்டாவது வகை இடம்பெயராத அமைப்பு: ஏரியா, சப்-ஏரியா எனப்படும் இவை முகாம்களையும் நிலங்களையும் கிடங்குகளையும் மருத்துவமனைகளையும் பார்த்துக்கொள்கின்றன, மாநில அரசோடு பேசுகின்றன. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கன்டோன்மென்ட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ராணுவம் என்றால் இந்த இரண்டாம் வகைதான். பிராந்தியத் தளபதியின் மேசைக்கு வரும் கோப்புகளில் கணிசமானவை இங்கிருந்தே வருகின்றன.

அவருக்கென்று ஒரு தலைமையகம் உண்டு. அதில் அவருக்கு அடுத்தவர், இன்னொரு லெப்டினன்ட் ஜெனரலான சீஃப் ஆஃப் ஸ்டாஃப். படை நடவடிக்கை, உளவு, தளவாடம், பொறியியல், சிக்னல், மருத்துவம் என ஒவ்வொன்றுக்கும் மேஜர் ஜெனரல் அல்லது பிரிகேடியர் நிலையில் ஒருவர். குன்னூரை அடுத்த வெலிங்டன் ஸ்டாஃப் கல்லூரியில் மேஜர்களாகப் படித்துப் போனவர்களே பிற்பாடு இந்த மேசைகளை நிரப்புகிறார்கள். தளபதி மாறினாலும் தலைமையகத்தின் வேலை முறை மாறாமல் இருப்பதற்கு அந்தப் படிப்பு ஒரு காரணம்.

தோள்பட்டைச் சின்னத்தில் பிராந்தியத் தளபதிக்கும் கோர் கமாண்டருக்கும் வித்தியாசம் கிடையாது. இருவரும் லெப்டினன்ட் ஜெனரல்களே. சம்பளத்தில் வித்தியாசம் தெரியும். ஏழாவது ஊதியக் குழுவின் 17ஆம் நிலையில், மாதம் 2,25,000 ரூபாய் நிலையான ஊதியம் பிராந்தியத் தளபதிக்கு உண்டு. துணைத் தலைமைத் தளபதிக்கும் அதுவே. கோர் ஒன்றை நடத்தியவராக இருக்க வேண்டும், ஓய்வு வயதான 60க்கு முன் போதிய காலம் எஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு பணிமூப்புப்படி நியமனம் நடக்கிறது. இதனால் பிறந்த தேதி ஒரு ஜெனரலின் எதிர்காலத்தைத் திறமைக்கு நிகராகத் தீர்மானிக்கிறது. இது நல்ல முறைதானா என்ற விவாதம் ராணுவத்துக்குள் வெகுநாளாக நடக்கிறது. பணிமூப்பைக் கைவிட்டால் அரசியல் விருப்பு வெறுப்பு உள்ளே நுழைந்துவிடும் என்ற அச்சமே அதைக் காப்பாற்றி வருகிறது.

அமைதிக்காலத்தில் இந்தப் பதவியின் வேலை பெரும்பாலும் சுற்றுப்பயணமும் கோப்பும்தான். படைகள் பயிற்சியில் எந்த நிலையில் இருக்கின்றன, வெடிமருந்து எத்தனை நாளுக்குக் காணும், மலைச்சாலை மழைக்கு முன் முடியுமா என்று பார்ப்பது ஒரு பக்கம். ராணுவச் சட்டம் 1950இன்படி, தலைமைத் தளபதி வழங்கும் வாரண்டின் பலத்தில் ஜெனரல் கோர்ட் மார்ஷலைக் கூட்டுவதும், மத்திய அரசு வழங்கும் வாரண்டின் பலத்தில் தீர்ப்பை உறுதிசெய்வதும் இன்னொரு பக்கம். அவசரக் கொள்முதலுக்கென்று தனி நிதி அதிகாரமும் அவருக்கு உண்டு. வெள்ளம், புயல், நிலநடுக்கம் வந்தால் மாநில அரசு கேட்டவுடன் படையை அனுப்பும் ஏற்பாடு அவருடைய அமைப்பின் வழியே நடக்கிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போதும் 2015இல் சென்னை மூழ்கியபோதும் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்த ராணுவ வீரர்கள் தெற்குக் கட்டளையின் கீழ் வந்தவர்கள். ஆண்டுக்கு இருமுறை ஆறு பிராந்தியத் தளபதிகளும் பயிற்சிக் கட்டளையின் தலைவரும் தலைமைத் தளபதியோடு கூடுகிறார்கள். ராணுவத்தின் பெரிய முடிவுகள் அந்தக் கூட்டத்தின் வழியாகவே வருகின்றன.

போர்க்காலத்தில் பிராந்தியத் தளபதி எந்தச் சண்டையையும் நேரில் நடத்துவதில்லை. பாலத்தைப் பிடிப்பது பட்டாலியன், அந்தத் திசையில் போவதென்று தீர்மானிப்பது டிவிஷனும் கோரும். அவர் கையில் இருப்பவை மூன்று: எந்தக் கோருக்கு எவ்வளவு படை, கையிருப்புப் படையை எப்போது எங்கே இறக்குவது, கீழே இருக்கும் தளபதி தளர்ந்தால் அவரை மாற்றுவதா என்ற தீர்மானம். இவற்றோடு எழுதப்படாத நான்காவது வேலை ஒன்றும் உண்டு. டெல்லியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தன்னோடு நிறுத்திக்கொள்வது. அந்த நான்காவது வேலை நடந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே இந்தியப் போர்களில் பலவும் அமைந்தன.

1962இல் அது நடக்கவில்லை. கிழக்குக் கட்டளையின் தலைமையகம் அப்போது லக்னோவில் இருந்தது. போர் நடக்கவிருந்த நேஃபா மலைகளோ இன்றைய அருணாசலத்தில். 1959இலேயே அப்போதைய பிராந்தியத் தளபதி எஸ். பி. பி. தோரட், எல்லைக்கோட்டிலேயே நின்று சண்டையிட முடியாது, வழிச்சாலைகள் எட்டும் இடத்தில் பின்வாங்கிப் பாதுகாப்பு அமைக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். 1960 மார்ச்சில் ‘லால் கிலா’ என்ற பயிற்சியில் அதைச் செய்தும் காட்டினார். மேலே அது எடுபடவில்லை. அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். 1962 செப்டம்பரில் நம்கா சூ ஆற்றங்கரையில் சீனப் படை வந்து நின்றபோது அதை விரட்டுமாறு டெல்லி உத்தரவிட்டது. முடியாது, பாதையும் உணவும் பனியுடுப்பும் முதலில் வேண்டும் என்று எதிர்த்தவர் 33ஆவது கோரின் தளபதி உம்ராவ் சிங். அவரிடமிருந்து அந்தப் பகுதியே பிடுங்கப்பட்டு, 4ஆவது கோர் என்ற புதிய அமைப்பு உருவாகி, டெல்லி தலைமையகத்திலிருந்த பி. எம். கௌல் அதற்கு அனுப்பப்பட்டார். கௌல் நேரே டெல்லியோடு பேசினார். நடுவில் இருந்த பிராந்தியத் தளபதி எல். பி. சென் பெயருக்குத்தான் இருந்தார். அக்டோபர் 20 அன்று தாக்குதல் தொடங்கியது. நம்கா சூவில் நின்ற 7ஆவது பிரிகேட் ஒரே நாளில் சிதறியது. தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் கோர் தளபதி ‘முடியாது’ என்று சொன்னபோது அவருக்குப் பின்னால் நிற்க வேண்டிய பிராந்தியத் தளபதி நிற்கவில்லை என்பது அவற்றில் ஒன்று. 1963 மே மாதம் கிழக்குக் கட்டளை கொல்கத்தாவுக்கு மாறியது.

மூன்றாண்டு கழித்து மேற்கில் நிலைமை தலைகீழ். 1965இல் லடாக்கிலிருந்து பஞ்சாப் வரை மேற்குக் கட்டளையின் பொறுப்பு; தளபதி ஹர்பக்ஷ் சிங். செப்டம்பர் 6 அன்று லாகூர் திசையில் எல்லையைக் கடந்த 15ஆவது டிவிஷன் முதல் அடியிலேயே தடுமாறியபோது அவர் போர்முனைக்கே போனார், டிவிஷன் தளபதியை மாற்றினார். இரண்டு நாளில் பாகிஸ்தானின் கவச டிவிஷன் கேம்கரண் வழியாக உள்ளே பாய்ந்தது. அந்த நேரத்தில் தலைமைத் தளபதி ஜே. என். சௌத்ரி, படையை பியாஸ் ஆற்றுக்குப் பின்னே இழுக்கும்படி தொலைபேசியில் சொன்னதாகவும் தாம் மறுத்ததாகவும் ஹர்பக்ஷ் பின்னாளில் எழுதினார். பியாஸுக்குப் பின்னே போவதென்றால் அமிர்தசரஸைக் கைவிடுவது என்று பொருள். (தளபதிகளின் நினைவு நூல்களில் தவறுகள் எப்போதும் அடுத்த அறையில்தான் நடக்கின்றன, அதையும் மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.) படை பின்வாங்கவில்லை. கரும்புக் காடுகளுக்குள் நீரைத் திறந்துவிட்டு, குதிரை லாட வடிவில் பீரங்கிகளை நிறுத்தி, அசல் உத்தரில் செப்டம்பர் 10 வரை நடந்த சண்டையில் பாகிஸ்தானின் 97 டாங்குகள் அழிந்தன அல்லது பிடிபட்டன என்பது இந்தியத் தரப்புக் கணக்கு.

இந்தப் பதவி எதற்காக இருக்கிறது என்பதை முழுமையாகக் காட்டுவது 1971. அந்த ஆண்டு கிழக்குப் பிராந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவின் மேசையில் இருந்தவற்றை எண்ணிப் பார்த்தாலே தலை சுற்றும். வடக்கே சீன எல்லை. நாகாலாந்திலும் மிசோ மலைகளிலும் கிளர்ச்சி. மேற்கு வங்கத்தில் நக்சல் இயக்கத்துக்கு எதிராகப் போலீஸுக்குத் துணை. எல்லை தாண்டி வந்துகொண்டே இருந்த, கடைசியில் ஒரு கோடியைத் தொட்ட அகதிகள். வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினிக்குப் பயிற்சி. இத்தனைக்கும் நடுவே, ஆறுகளால் அறுபட்ட கிழக்குப் பாகிஸ்தானுக்குள் நுழைவதற்கான திட்டம்.

ஏப்ரலிலேயே போர் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் டெல்லியில் எழுந்தபோது, மழைக்காலம் வருகிறது, படை தயாராக இல்லை என்று தலைமைத் தளபதி மானெக்‌ஷா தடுத்துவிட்டார். 1964 முதல் 1969 வரை அவரே கொல்கத்தாவில் அரோராவின் நாற்காலியில் இருந்தவர். அந்த ஆறுகளின் மழைக்காலத்தை அறிந்தவர். கிடைத்த எட்டு மாதத்தைப் பயன்படுத்தியது அரோராவின் தலைமையகம், குறிப்பாக அவருடைய சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஜே. எஃப். ஆர். ஜேக்கப். திரிபுராவுக்குள் ரயில் தர்மநகரோடு நின்றுவிடும். அங்கிருந்து அகர்தலா வரை மலைச்சாலை. அந்த ஒற்றைச் சாலை வழியாக முழுக் கோருக்கும் வேண்டிய குண்டும் எரிபொருளும் அரிசியும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்தன. டிசம்பரில் இமயக் கணவாய்கள் பனியில் மூடும். சீனா இறங்க முடியாது. அதை நம்பி வடக்கு எல்லையிலிருந்து படைகள் தெற்கே திருப்பப்பட்டன. எந்தப் பக்கத்திலிருந்து எதை எடுத்து எங்கே வைப்பது என்பதே பிராந்தியத் தளபதியின் உண்மையான போர். சண்டை தொடங்கிய டிசம்பர் 3க்கு முன்பே அது பாதி முடிந்திருந்தது.

மற்றதைக் கோர் தளபதிகள் செய்தார்கள். மேற்கிலிருந்து டி. என். ரைனா, வடமேற்கிலிருந்து எம். எல். தாபன், கிழக்கிலிருந்து சகத் சிங், வடக்கிலிருந்து 101ஆவது கம்யூனிகேஷன் ஸோன். மேக்னா ஆற்றின் அஷூகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தானியர் தகர்த்தபோது, டிசம்பர் 9 அன்று சகத் சிங் ஹெலிகாப்டர்களில் படையை அக்கரையில் இறக்கினார். 11ஆம் தேதி டாங்கைல் அருகே பாராசூட் பட்டாலியன் குதித்தது. டாக்காவே இலக்கு என்பது தொடக்கத்திலிருந்து முடிவாகியிருந்ததா என்பதில் இதில் பங்கேற்றவர்களின் நூல்களே ஒன்றோடொன்று மோதுகின்றன. டெல்லியின் ஆணை குல்னா, சட்டோகிராம் துறைமுகங்களையே முதன்மைப்படுத்தியது, டாக்காவைக் குறிவைத்தது கொல்கத்தா என்கிறார் ஜேக்கப். அந்தச் சச்சரவு ஒன்றைத் தெளிவாக்குகிறது: மேலிருந்து வரும் ஆணைக்கும் தரையில் கிடைக்கும் வாய்ப்புக்கும் இடையே விழும் இடைவெளியை நிரப்பும் உரிமை பிராந்தியத் தலைமையகத்திடம் இருந்தது. கோர் தளபதி ஆற்றைக் கடந்த பின் அதைத் தொடர விட்டதும் அந்த உரிமையின் பகுதிதான்.

டிசம்பர் 16 மாலை டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்ட இருவருமே பிராந்தியத் தளபதிகள். அரோரா, கிழக்குக் களத்தின் இந்திய, வங்கதேசப் படைகளுக்குத் தளபதி என்ற முறையில். ஏ. ஏ. கே. நியாஸி, பாகிஸ்தான் ராணுவத்தின் கிழக்குக் கட்டளைத் தளபதி. தலைநகரிலிருந்து 1,600 கிலோமீட்டர் தள்ளி, நடுவே எதிரி நாடு கிடக்க, கையிருப்புப் படையென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் எல்லையோர நகரங்களைக் கோட்டைகளாக்கிப் படையைச் சிதறவிட்ட நியாஸியின் நிலை, இதே பதவி எப்படித் தோற்கும் என்பதற்குப் பாடநூல் உதாரணம். ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர். மானெக்‌ஷா 1973இல் ஃபீல்ட் மார்ஷல் ஆனார். அரோரா அதே ஆண்டு லெப்டினன்ட் ஜெனரலாகவே ஓய்வு பெற்றார்.

தெற்குக் கட்டளைக்கு இப்படியொரு போர் வாய்க்கவில்லை என்பது பொதுவான எண்ணம். பரப்பளவில் ஆறிலும் பெரியது அதுதான். 1948 செப்டம்பரில் ஐந்து நாளில் முடிந்த ஹைதராபாத் நடவடிக்கையும் 1961 டிசம்பரில் கோவாவும் அதன் கணக்கில் வருகின்றன. 1987இல் வந்தது வேறு வகை. ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாளே இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது, தெற்குப் பிராந்தியத் தளபதி தீபீந்தர் சிங் அதன் ஒட்டுமொத்தப் படைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். முப்படைகளும் அவர் கீழ் என்பது காகிதத்தில் இருந்த ஏற்பாடு. நடைமுறையில் கடற்படையும் விமானப்படையும் தத்தம் தலைமையகங்களின் சொல்லையே எதிர்பார்த்தன. களத்தில் நின்ற 54ஆவது டிவிஷனின் தளபதி ஹர்கிரத் சிங்குக்கு, தம் மேலதிகாரியிடமிருந்து மட்டுமின்றி, கொழும்பிலிருந்த இந்தியத் தூதரிடமிருந்தும் அழுத்தம் வந்தது என்பதை அவருடைய நூல் கசப்போடு சொல்கிறது. அப்போதைய தலைமைத் தளபதி கே. சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்தவர். மேற்குப் பிராந்தியத் தளபதியாக 1984இல் பொற்கோயில் நடவடிக்கைக்குப் பொறுப்பாக இருந்தவர். அமைதி காக்கப் போன படை அக்டோபரில் விடுதலைப் புலிகள் மீது போர் தொடுத்தது. போகப்போக நான்கு டிவிஷன்கள் இறங்கின. 1990 மார்ச்சில் திரும்பும்போது ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் உயிரிழந்திருந்தனர். ஈழத் தமிழ் மக்கள் கொடுத்த விலை அதனினும் பெரிது. இலக்கு இன்னதென்று அரசியல் தலைமை தெளிவாகச் சொல்லாதபோது, கட்டளை எத்தனை கைகளுக்குப் பிரிந்து கிடக்கிறது என்பது உயிர்களின் கணக்கில் தெரியவருகிறது.

1987இன் அந்தக் குறை ஒரு மனிதருடையதல்ல. அமைப்பின் அடியில் இருந்தது. ராணுவத்தின் கிழக்குத் தலைமையகம் கொல்கத்தாவில், விமானப்படையின் கிழக்குத் தலைமையகம் ஷில்லாங்கில், கடற்படையினுடையது விசாகப்பட்டினத்தில். தெற்கு என்றால் ராணுவத்துக்குப் புணே, விமானப்படைக்குத் திருவனந்தபுரம், கடற்படைக்குக் கொச்சி. ராணுவத்துக்கு ஏழு, விமானப்படைக்கு ஏழு, கடற்படைக்கு மூன்று என்று 17 கட்டளைகள். எல்லைக்கோடுகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. முப்படைகளும் ஒரே தளபதியின் கீழ் இயங்கும் பிராந்தியக் கட்டளை 2001 முதல் அந்தமான் நிக்கோபாரில் மட்டும் இருக்கிறது. 2020 ஜனவரியில் முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவி பிபின் ராவத்தோடு தொடங்கியபோது, மற்ற கட்டளைகளையும் ஒருங்கிணைத்துக் களக் கட்டளைகளாக்குவது அதன் முதன்மைப் பணிகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. எந்தப் படையின் அதிகாரி எந்தக் களத்துக்குத் தலைவர், விமானங்களைப் பங்கிட்டால் விமானப்படையிடம் என்ன மிஞ்சும் என்ற கேள்விகளில் அந்த வேலை மெல்ல நகர்ந்தது.

இதற்கிடையில் சட்டத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இருந்ததால், கூட்டு அமைப்பொன்றின் தலைவராக ஒரு ராணுவ ஜெனரல் இருந்தாலும், தமக்குக் கீழே பணிபுரியும் விமானப்படை வீரர் தவறு செய்தால் அவரை அவருடைய சொந்தப் படைக்குத் திருப்பி அனுப்பியே விசாரிக்க முடிந்தது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய முப்படைக் கூட்டு அமைப்புகளுக்கான கட்டளை, ஒழுங்குச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கூட்டு அமைப்பின் தளபதிக்கே வழங்கியது. 2024 மே 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.